ஒக்சிதான் நாட்டுப்புற இசையில் ஹர்டி-கர்டி: அறுபடாத மரபா, மீட்டெடுத்த மரபா?

#1 இசைவாணன்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக லூ டால்ஃபின் குழுவின் பாட்டுகளையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இத்தாலியின் பியமோந்தே பகுதியில், ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் ஒக்சிதான் மொழி பேசுகிறவர்கள். செர்ஜியோ பெரார்தோ 1982-இல் தொடங்கிய குழு. முதலில் பழைய கருவிகளோடு மட்டும் வாசித்தார்கள், 1990-இல் டிரம்ஸ், பேஸ், எலெக்ட்ரிக் கிதார் எல்லாம் சேர்த்துக்கொண்டார்கள். 2004-இல் வந்த அவர்களுடைய ஆல்பத்துக்கு இத்தாலியின் தார்கா தெங்கோ விருதும் கிடைத்திருக்கிறது.

அத்தனை சத்தத்துக்கும் நடுவில் பெரார்தோ மடியில் வைத்துச் சுற்றும் அந்த ஹர்டி-கர்டி என்ற சக்கர வாத்தியம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. வலது கை கைப்பிடியைச் சுற்றுகிறது, உள்ளே மரச் சக்கரம் தந்திகளை உரசுகிறது, இடது கை கட்டைகளை அழுத்துகிறது. வயலினும் ஆர்மோனியமும் ஒரே பெட்டிக்குள் போனதுபோல ஒரு நாதம்.

என் கேள்வி இதுதான். இது பாட்டன் கையிலிருந்து பேரன் கைக்கு வந்த மரபா? அல்லது எழுபதுகளில் நகரத்து இளைஞர்கள் தேடி எடுத்துப் புதுப்பித்ததா? இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

#2 அருள்மொழி

இசைவாணன், நல்ல கேள்வி. ஆனால் "ஒக்சிதான் மரபு" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் பதில் கிடைக்காது. இடம் இடமாகப் பார்க்கவேண்டும்.

ஒக்சிதான் பேசும் நிலம் பிரான்ஸின் தென்பாதி முழுக்கப் பரந்து, இத்தாலியின் சில பள்ளத்தாக்குகள் வரைக்கும் போகிறது. அந்த நிலம் முழுக்க ஹர்டி-கர்டி முதன்மைக் கருவியாக இருந்ததில்லை. ஒவர்ஞ் மேட்டுநிலத்தில், கான்தால், அவேரோன் பக்கமெல்லாம், கப்ரெத் என்ற துருத்திப் பைக்குழல்தான் ராஜா. லிமுசேனில் ஷாப்ரெத் என்ற இன்னொரு பைக்குழல். ஹர்டி-கர்டி ஆழமாக வேர்விட்டது வடக்கு விளிம்பில்: புய்-தெ-தோம் மாவட்டத்தின் வடபகுதி, அதற்கும் மேலே போர்போனே. போர்போனேயின் தென்பகுதியில் பேச்சு ஒக்சிதானுக்கும் பிரெஞ்சுக்கும் இடைப்பட்டது. ஒக்சிதானின் எல்லைக்கோட்டில்தான் இந்தக் கருவி அதிகம் ஒலித்திருக்கிறது என்பதே கவனிக்கவேண்டிய விஷயம்.

அந்த எல்லையில் சியூல் ஆற்றங்கரையில் ஜென்சா என்ற சின்ன ஊர் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாஜோ குடும்பம் அங்கே ஹர்டி-கர்டி செய்யத் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக, 20-ஆம் நூற்றாண்டு வரைக்கும், மத்திய பிரான்ஸின் கிராமத்து வாசிப்பாளர்கள் கருவி வாங்க அந்த ஊருக்குத்தான் போனார்கள். இன்று அங்கே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

அப்புறம் என்ன ஆனது? பிழைப்புக்காகப் பாரிஸ் போன ஒவர்ஞ்காரர்கள், கரியும் மதுவும் விற்றவர்கள், பஸ்தீய் பக்கம் ரூ தெ லாப் தெருவில் தங்கள் நடனக் கூடங்களை நடத்தினார்கள். அங்கே கப்ரெத்தோடு ஹர்டி-கர்டியும் ஒலித்தது. 20-ஆம் நூற்றாண்டு பிறந்ததும் அக்கார்டியன் வந்தது. சத்தம் அதிகம், சுருதி கலையாது, புது நடனங்களுக்கெல்லாம் ஒத்துவரும். கூடங்களிலும், பிறகு கிராமங்களிலும், பழைய கருவிகள் ஓரத்துக்குப் போயின. முதல் உலகப்போர் கிராமத்து இளைஞர்களை வாரிக்கொண்டு போனது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது பெரும்பாலான ஊர்களில் வாசிக்க ஆளில்லை.

பியமோந்தே கதை வேறு. வராய்த்தா, வெர்மெனாஞா பள்ளத்தாக்குகளில் நடன மரபு உண்மையிலேயே அறுபடவில்லை. கூரெந்தோ, பலெத் நடனங்களை இன்றைக்கும் வீட்டுக்கல்யாணத்தில் ஆடுகிறார்கள். ஆனால் அந்தச் சங்கிலியைக் காத்த கருவிகள் வயலின், கிளாரினெட், செமித்தூன் என்ற சின்ன அக்கார்டியன். ஹர்டி-கர்டி, பனிக்காலத்தில் பிழைப்புக்காக மலையிறங்கிய ஏழைகள் தெருவில் சுற்றி வாசித்த கருவி. பெரார்தோ அதைக் கையில் எடுத்தது ஒரு கலைஞனின் தேர்வு. மதிக்கிறேன். ஆனால் அதை அறுபடாத மரபு என்று சொல்லமுடியாது.

#3 தேன்மொழி

அருள்மொழி அண்ணா சொன்ன வரலாறு சரிதான். முடிவைத்தான் நான் ஏற்கவில்லை. வேலை காரணமாக கிளெர்மோன்-ஃபெரானில் இருக்கிறேன். இந்தப் பக்கத்து ஊர் நடன இரவுகளுக்குப் போய்க்கொண்டிருப்பவள் என்ற முறையில் கொஞ்சம் எழுதுகிறேன்.

நம்மில் பலர் இந்தக் கருவியை மேடையில் பார்க்கிறோம், யூடியூபில் பார்க்கிறோம். அது பிறந்தது ஆடுகிறவர்களுக்காக. ஊர்ப் பொதுக்கூடம் என்றால் எப்படி இருக்கும்: மரத்தரை, சுவரோரம் மடக்கு நாற்காலிகள், ஒரு மூலையில் அவரவர் கொண்டுவந்த பலகாரம். மேடைகூடப் பல இடத்தில் இருக்காது. வாசிப்பவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, இடுப்பைச் சுற்றிய வாரினால் கருவியை இறுகக் கட்டிக்கொள்வார். கண் கட்டைகள் பக்கம் போகாது. ஆடுகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பூரே என்ற ஊர் நடனம், அதிலும் மூன்று எண்ணிக்கை பூரே, தொடங்கியதும் நீங்கள் கவனிக்கவேண்டியது வலது மணிக்கட்டு. சக்கரம் ஒரே வேகத்தில் சுற்றினால் மெட்டு மட்டும்தான் வரும். ஒரே சுற்றுக்குள் மணிக்கட்டை வெடுக் வெடுக்கென்று தள்ளும்போது ஒரு தந்தி 'ட்ர்ர், ட்ர்ர்' என்று கரகரக்கும். அந்தக் கரகரப்புதான் தாளம். தனியாக மத்தளம் எதுவும் வேண்டாம். நல்ல வாசிப்பாளர் அந்தத் தட்டை ஒரு இழை முந்திக்கொடுத்தால் கூடமே எழும்பும், ஒரு இழை தாமதித்தால் எல்லோரும் தரையில் கனமாக ஊன்றுவார்கள். புதிதாக ஆடும் ஜோடி தடுமாறுவதைப் பார்த்தால் தட்டைத் தடிப்பாக்கி அவர்களைக் கைபிடித்து இழுப்பார். இதை எந்த ஒலிப்பதிவும் கற்றுத்தராது. கற்றவரின் பக்கத்தில் உட்கார்ந்து, ஆடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வருவது.

சங்கிலி அறுந்தது உண்மை. ஆனால் முழுக்க அறவில்லை. எழுபதுகளில் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள் வெறும் காகிதத்திலிருந்து எடுக்கவில்லை. போர்போனே பக்கம் அப்போதும் வாசித்துக்கொண்டிருந்த முதியவர்கள் இருந்தார்கள். பரணில் கிடந்த பாட்டன் கருவியை இறக்கிக்கொடுத்த குடும்பங்கள் இருந்தன. லிமுசேனில் லோ ஜாய் குழு எண்பதுகளில் அங்கத்துப் பைக்குழலையும் பியேர் அம்பேரின் ஹர்டி-கர்டியையும் சேர்த்து வாசித்தது, அப்படிச் சேகரித்த மெட்டுகளை வைத்துத்தான். அன்று கற்ற இருபது வயதுக்காரர்கள் இன்று பாட்டன் வயதில் இருக்கிறார்கள். அவர்களிடம் கற்றவர்கள் இப்போது சொந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஐம்பது வருடமாக ஒரு ஊரின் சனிக்கிழமை இரவுகளில் ஒலிப்பதற்கு மரபு என்ற பெயர் கொடுக்காவிட்டால் வேறு எதற்குக் கொடுப்பது?

#4 கண்ணப்பன்

தம்பி இசைவாணனுக்கும் அம்மா தேன்மொழிக்கும் நன்றி. நான் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவன். நீங்கள் சொன்ன குழுக்களின் பாட்டு ஒன்றைக் கேட்டேன். மெட்டு ஓடும்போதே அடியில் ஒரு சுருதி நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் ஒத்து ஊதுகிறவர் கன்னம் உப்பிக்கொண்டு பிடித்துக்கொண்டிருப்பாரே, அதே வேலையை இங்கே ஒரே ஆள் செய்துவிடுகிறார். இதற்குத் தனித் தந்தி உண்டா? அந்தக் கரகரப்பு எப்படி வருகிறது? யாராவது கருவியைத் திறந்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

#5 ரகுராமன்

ஐயா, நான் லியோனில் ஒரு சங்கத்தில் வாடகைக்கு எடுத்த கருவியில் கற்றுக்கொண்டிருக்கிறேன். தினமும் கையில் புரளுவதால் சொல்லமுடியும்.

தந்திகள் மூன்று வகை. நடுவில், கட்டைப்பெட்டிக்குள் ஓடும் இரண்டு தந்திகள் மெட்டுக்கு. கட்டையை அழுத்தினால் அதிலுள்ள சின்ன மரச்சில்லு தந்தியைத் தொடும், அந்த இடத்தில் ஸ்வரம் பிறக்கும். சாதாரணமாக 23 கட்டைகள், இரண்டு ஸ்தாயி. விரலை எடுத்தால் கட்டை தன் எடையாலேயே கீழே விழுந்துவிடும், ஸ்பிரிங் கிடையாது. பக்கவாட்டில் ஓடுபவை சுருதித் தந்திகள். நீங்கள் கேட்ட ஒத்து அதுதான். வேண்டாதபோது சக்கரத்தைத் தொடாமல் தூக்கி மாட்டிவிடலாம்.

மூன்றாவது வகைதான் தாளத் தந்தி. பிரெஞ்சில் அதற்குத் 'திரோம்பெத்' என்று பெயர். அது உட்கார்ந்திருக்கும் குட்டிக் குதிரையை 'ஷியன்', அதாவது நாய், என்று கூப்பிடுகிறார்கள். அதன் ஒரு கால் பலகையில் இறுக்கமாக நிற்கும், இன்னொரு கால் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். சக்கரம் சீராகச் சுற்றும்வரை அது அசையாது. மணிக்கட்டால் ஒரு வெட்டு வெட்டினால் தந்தி திடீரென்று அதிர்ந்து, அந்தச் சும்மா கால் எழும்பிப் பலகையில் படபடவென்று அடிக்கும். அதுதான் கரகரப்பு. தந்தியைப் பக்கவாட்டில் இழுக்க ஒரு சின்ன நூல் கட்டி, அதற்கு ஒரு பிரடையும் வைத்திருக்கிறார்கள். அதை ஒரு மயிரிழை திருகினாலும் நாயின் குணம் மாறிவிடும். அதிகம் திருகினால் நிறுத்தாமல் கத்தும். குறைத்தால் எவ்வளவு வெட்டினாலும் வாய் திறக்காது.

இதைவிடப் பெரிய வேலை பஞ்சு. சக்கரத்தின் விளிம்பில் ரோசின் என்ற பிசின் பூசியிருப்போம். ஒவ்வொரு தந்தியும் சக்கரத்தைத் தொடும் இடத்தில் கொஞ்சம் பஞ்சு சுற்றவேண்டும். எடுத்த பஞ்சை விரல் நுனியால் சிலந்தி நூல் பருமனுக்கு இழுத்து, மெதுவாகச் சக்கரத்தைச் சுற்றினால் அதுவே தந்தியில் ஏறிக்கொள்ளும். மெலிந்தால் நாதம் கீச்சிடும், தடித்தால் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல மங்கிவிடும். மழை நாளில் ஒரு பஞ்சு, வறண்ட நாளில் இன்னொரு பஞ்சு. எங்கள் வகுப்பில் ஆசிரியர் வந்ததும் வாசிக்கச் சொல்லமாட்டார். முதலில் ஒவ்வொருவர் பஞ்சையும் பார்ப்பார். கருவியைப் பழுதில்லாமல் வைத்துக்கொள்ளும் இந்த அறிவுதான் புத்தகத்தில் இல்லாதது. தேன்மொழி அக்கா சொன்ன கைமாற்றம் என்பதற்கு நான் பார்க்கும் சாட்சி இதுவே.

#6 செல்வி

விவாதம் முழுக்க நடனக் கூடத்துக்குள்ளேயே சுற்றுகிறது. என் காதுக்கு இந்தக் கருவி இன்று அதிக உயிரோடிருப்பது வேறொரு பக்கம்.

ஓத்-லுவார் பகுதியிலிருந்து வந்த லா நோவியா கூட்டமைப்பைக் கேட்டுப்பாருங்கள். அதில் யான் கூர்தோன் என்பவர் ஹர்டி-கர்டியின் சுருதித் தந்திகளையே முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஹர்டி-கர்டி, பேஸ், டிரம்ஸ் மூன்றும் சேர்ந்த 'ஃபிரான்ஸ்' என்ற குழுவில் அவர் வாசிப்பது ஒரே நீண்ட ஓட்டம். மெட்டு மாறாது, தாளம் மாறாது. கேட்கக் கேட்க அதே சுருதிக்குள்ளிருந்து வேறு வேறு ஸ்வரங்கள் கிளம்பும். அதே ஆட்கள்தான் வேறு குழுக்களில் ஒவர்ஞ் பூரேயும் வாசிக்கிறார்கள்.

பிரனே மலையடிவாரத்தில் போ நகரத்து ஆர்துஸ் குழு. ஒக்சிதானின் ஒரு வட்டார வழக்கான கஸ்கோனில் பாட்டு, கூடவே கனமான ராக். அதில் ரோமேன் போதுவேன் வாசிக்கும் ஹர்டி-கர்டி சில இடங்களில் இயந்திரம் உறுமுவதுபோல இருக்கும். அவர் ஹர்டி-கர்டியையும் எலெக்ட்ரிக் கிதாரையும் ஒரே உடம்பில் சேர்த்த கருவியையும் வாசிக்கிறார். மார்செய்யில் துய்ப்பேன் குழு, பியேர்-லோரான் பெர்தோலினோவின் ஹர்டி-கர்டியோடு, 2000-இல் கொண்டுவந்த முதல் ஆல்பம் தொழிற்சாலை வாழ்க்கையைப் பற்றி ஒக்சிதானில் பாடுகிறது. புராவான்ஸ் என்றால் லவண்டர் வயலும் தாம்பூரின் மேளமும் என்று சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டும் படத்தை அது கிழித்துப்போட்டது. துறைமுகத் தொழிலாளிகளின் ஊருக்கு இந்தக் கரகரத்த குரல் எவ்வளவு பொருத்தம்!

நடனத்துக்கு வாசித்தால்தான் உயிர் என்றால் இவர்களை எங்கே வைப்பது?

#7 அருள்மொழி

செல்வி, அந்த ஆல்பங்கள் எனக்கும் பிடிக்கும். ஆனால் நீங்கள் சொன்ன உதாரணமே என் சந்தேகத்தை வலுவாக்குகிறது. யுனெஸ்கோவின் அழியும் அபாயத்திலுள்ள மொழிகள் பட்டியலில் ஒக்சிதானின் எல்லா வட்டாரங்களும் இருக்கின்றன. இத்தாலியாவது 1999-ஆம் ஆண்டின் 482-ஆம் எண் சட்டத்தால் ஒக்சிதானைச் சிறுபான்மை மொழியாக ஏற்றுக்கொண்டது. பிரான்ஸில் அந்தப் பாதுகாப்பு இல்லை. மொழி வீட்டிலிருந்து வெளியேறிக்கொண்டிருக்கும்போது, வார்த்தை இல்லாத ஒரு கருவி ஒலிப்பதை வைத்து "ஒக்சிதான் மரபு வாழ்கிறது" என்று ஆறுதல் அடைவது சரியா? ஹர்டி-கர்டி ஹங்கேரியிலும் இருக்கிறது, ஸ்பெயினின் கலீசியாவிலும் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் பதோன் என்ற வெர்சாய் கைவினைஞர் பழைய லூட்டுகளையும் கிதார்களையும் உடைத்து ஹர்டி-கர்டி செய்து கொடுத்தபோது, பிரபுக்கள் வீட்டுப் பெண்கள் அரண்மனையில் வாசித்தார்கள். கருவிக்கு என்று ஒரு மொழி கிடையாது.

#8 தேன்மொழி

அண்ணா, கருவிக்கு மொழி கிடையாது. மெட்டுக்கு உண்டு.

ஒவர்ஞ், லிமுசேன் பூரேக்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு நான்கு வரியில் ஒக்சிதான் பாட்டு உண்டு. மாடு மேய்க்கிற பெண், கல்யாணமாகாத கிழவன், மலை, ஏச்சு, காதல் என்று. வாசிக்க ஆளில்லாத வீடுகளில் பாடியே ஆடினார்கள். வாசிப்பாளர்களும் அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டுதான் மெட்டை ஞாபகம் வைத்தார்கள். என் ஆசிரியை ஒரு பூரேயைக் கற்றுத்தரும்போது கருவியைத் தொடவிடவில்லை. முதலில் வரியைப் பாடு என்றார். பாடினோம். பிறகு வரியைப் பாடிக்கொண்டே ஆடச் சொன்னார். அதற்குப் பிறகுதான் சக்கரம். பாடத் தெரியாமல் வாசித்த ஒரு மாணவரின் தட்டு எங்கேயோ விழுந்தது. சொல்லின் அழுத்தம் எங்கே விழுகிறதோ அங்கேதான் மணிக்கட்டும் வெட்டவேண்டும், அது பிரெஞ்சுச் சொல்லில் விழும் இடமில்லை என்று அவர் சொன்னது என் காதில் இருக்கிறது. ஆகவே மொழி தெரியாதவர் கைக்குக்கூட மொழி கொஞ்சம் ஏறிவிடுகிறது. அது போதும் என்று நான் சொல்லவரவில்லை. மொழியைப் பள்ளிக்கூடம்தான் காப்பாற்றவேண்டும். 1979-இல் போ நகரத்தில் தொடங்கிய, ஒக்சிதானில் பாடம் நடத்தும் கலந்த்ரேத்தா பள்ளிகள் அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்புக்கு வெளியே அந்த மொழியைப் பாடி ஆட ஒரு இடம் வேண்டாமா? நடன இரவு அந்த இடம்.

செல்வி, உங்கள் கேள்விக்கு: லா நோவியா ஆட்கள் பூரேயும் வாசிக்கிறார்கள் என்று நீங்களே எழுதினீர்கள். கூர்தோனின் அந்த நீண்ட ஓட்டத்தை நேரில் கேட்டபோது கூட்டம் சும்மா நிற்கவில்லை, உடம்பு தானாக ஆடிக்கொண்டிருந்தது. அவர்களைக் கூடத்துக்கு வெளியே நிறுத்த எனக்கு மனமில்லை. கேட்பவர் உடம்பு அசையாமல் உட்கார்ந்து கைதட்டும் கச்சேரியாக மட்டும் இது மாறிவிடக்கூடாது என்பதே என் கவலை. இசைப்பள்ளிச் சான்றிதழுக்காகக் கற்கும் சில பிள்ளைகள் விரலில் மின்னல் வேகம் காட்டுகிறார்கள். 'ஸ்கோத்தீஷ்' என்ற ஜோடி நடனத்துக்கு வாசிக்கச் சொன்னால் திணறுகிறார்கள். அங்கேதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

#9 அருள்மொழி

சொல்லழுத்தமும் மணிக்கட்டும் பற்றி நீங்கள் சொன்னது கனமான வாதம். பியமோந்தே பக்கமும் அப்படித்தானா என்று பார்க்கவேண்டும். மைரா பள்ளத்தாக்கில் துரோனேரோ ஊரில் எஸ்பாசி ஒக்சிதான் என்ற நிலையம், மொழி வகுப்பையும் கருவி வகுப்பையும் ஒரே கூரைக்குள் நடத்துகிறது. அது சரியான வழி என்றே நினைக்கிறேன். "அறுபடாத" என்ற சொல்லை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். அறுந்ததை அறுந்தது என்று சொன்னால்தான், முடிச்சுப்போட்டவர்கள் பட்ட பாடும் தெரியும்.

#10 இசைவாணன்

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இரண்டு நடைமுறைக் கேள்விகள். நேரில் கேட்க எங்கே போகலாம்? ஆன்லைனில் மலிவு விலையில் ஹர்டி-கர்டி பார்த்தேன், வாங்கலாமா?

#11 ரகுராமன்

வாங்காதீர்கள். என் நண்பர் ஒரு இணையக் கடையில் அப்படி ஒன்றை வாங்கினார். சக்கரம் முழு வட்டமாக இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் தந்தி விலகி, 'வூ... வூ...' என்று இழுத்தது. எவ்வளவு பஞ்சு சுற்றினாலும் சரியாகவில்லை. நல்ல கருவி விலை அதிகம், செய்து முடிக்கவும் காத்திருக்கவேண்டும். பிரான்ஸ் வந்தால் சங்கங்களில் வாடகைக்குக் கிடைக்கும், தொடங்குவதற்கு அதுவே நல்லது.

கருவி செய்கிறவர்களை மொத்தமாகப் பார்க்க ஜூலையில் லா ஷாத்ர் பக்கம் ஆர் மாளிகையில் நடக்கும் 'லெ சோன் கோந்தினியு' விழாவுக்குப் போங்கள். 1976-இல் சேன்-ஷார்த்தியே ஊரில் தொடங்கி 2009-இல் அங்கே இடம் மாறியது. அது பெரி பகுதி, ஒக்சிதான் நிலம் இல்லை. ஆனால் தெற்கிலிருந்து எல்லோரும் அங்கே வருவார்கள். ஒரு மரத்தடியில் கருவியைச் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பவரிடம் போய் நின்றால் போதும், பஞ்சு சுற்றுவதிலிருந்து சொல்லித்தர ஆரம்பித்துவிடுவார்.

#12 தேன்மொழி

ஆட ஆசை என்றால் ஆலியே மாவட்டத்து ஜென்னெத்தீன் ஊரில் 1990 முதல் நடக்கும் கிரான் பால். பகலில் நடன வகுப்பு, இரவு முழுக்க ஆட்டம், பல மரத்தரைகளில் ஒரே நேரத்தில். அப்படியே ஜென்சா அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள், தூரமில்லை.

கண்ணப்பன் ஐயா, நீங்கள் வீட்டிலிருந்தே கேட்க ஒரு யோசனை. முதல் தடவை மெட்டை விட்டுவிட்டுச் சுருதித் தந்தியை மட்டும் கேளுங்கள். அடுத்த தடவை நாயின் கரகரப்பை மட்டும். மூன்றாவது தடவை எழுந்து நின்று, அந்தக் கரகரப்புக்குக் காலை வைத்துப் பாருங்கள். லோ ஜாய் குழுவின் பூரேயில் தொடங்கினால் பிடிபடும். லூ டால்ஃபினை அப்புறம் கேட்கலாம், அங்கே டிரம்ஸ் மேலே ஏறி நிற்பதால் முதல் காதுக்கு மணிக்கட்டு கேட்காது.

#13 கண்ணப்பன்

சரி அம்மா. பேத்தி ஹெட்போனோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பேரும் கேட்டுவிட்டு எழுதுகிறோம்.